ஆம்புலன்ஸுக்கு முன்னால் நடந்தவர்

தனக்கு வந்த நெஞ்சுவலிக்குத் தானே தெருமுனை வரை நடந்துபோய், ஆம்புலன்ஸைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, மூன்று மாடி ஏறிப் படுத்துக்கொண்டு, அதே ஆம்புலன்ஸ்காரர்களை 'வாங்க, வாங்க' என்று வரவேற்று, அவர்கள் தூக்கிப் போக ஜம்மென்று ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் நம் டார்ச்சுக்காரர். சூரியன் கிழக்கே உதிப்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இருக்கட்டும்; இதில் வேண்டாம்.

கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். சிரிக்காமல் சண்டைக்கு வந்தவர் ஒருவர்தான். எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"யோவ் டார்ச்சு, புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றார் அவர், கடை வாசலில் நின்று மூன்றாவது மாடியைப் பார்த்து.

"அளவெல்லாம் உங்க கண்ணாடிக்குத்தான். நடந்ததுக்கு எதுக்கு அளவு?" என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

இந்தச் சண்டை எதற்காக என்று சொல்ல வேண்டுமானால் டார்ச்சிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

டார்ச்சுக்காரர் என்பது வேலையால் வந்த பெயர். ஓய்வு பெறும்வரை சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டியவர். படம் ஆரம்பித்துப் பாட்டும் முடிந்த பிறகு ஆடி அசைந்து வரும் குடும்பத்தை, இருட்டில், நிறைந்த வரிசையின் நட்டநடுவில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் கண் திரையை விட்டு நகரக்கூடாது. அவர் குனிவார், முழங்கையை ஒரு விரலால் தொடுவார், 'சார், கொஞ்சம்' என்பார். அந்தக் குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. யாருக்குச் சொன்னாரோ அவருக்கு மட்டும் கேட்கும். கால்கள் தாமாக மடங்கும். கதாநாயகன் தூக்குமேடையில் நிற்கும் கட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஐந்தாவது வரிசைக்குள் செலுத்தியிருக்கிறார். ஒருவர்கூட அழுகையை நிறுத்தவில்லை. அவர் கணக்குப்படி எழுபது லட்சம் முழங்கால்கள் அவருக்காக மடங்கியிருக்கின்றன. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தவர் மட்டும் யாருமில்லை. பார்த்திருந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

வீடு கடைத்தெருவின் நடுவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. மனைவி இருந்தவரை ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. இப்போதும் இரண்டுதான்; ஒன்றில் துணி காயும். மகன் தூர ஊரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அங்க மழையாப்பா?" என்று கேட்பான். மழை என்றால், எவ்வளவு நேரமாகப் பெய்கிறது, மாடி ஒழுகுகிறதா, குடை இருக்கிறதா என்று நாலு வார்த்தை நீளும். மழை இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் டார்ச்சுக்காரர் வீட்டில் வருஷம் பூராவும் மழை.

முன்பெல்லாம் அந்த ஜன்னலைத் திறக்க முடியாது. திறந்தால் ஹாரன் சத்தம் உள்ளே வந்து சட்டமாக நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நகரசபை ஒருநாள் தெருவில் வண்டி விடுவதை நிறுத்தியது. கல் பாவினார்கள், மரம் நட்டார்கள், பெஞ்சு போட்டார்கள், 'நடப்பவர்களுக்கு மட்டும்' என்று பலகை வைத்தார்கள். அன்று ஜன்னலைத் திறந்தவர் அப்புறம் மூடவே இல்லை. வண்டிச் சத்தம் போனதும் மனிதர்களின் பேச்சு மாடிவரை ஏறிவந்தது. கீழே யாரோ யாரிடமோ "சாப்பிட்டியா?" என்று கேட்டால், மேலே இவர் மெதுவாக, "ஆச்சு, நீங்க?" என்பார். "எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா?" என்று ஒரு பெண் கோபித்துக்கொண்டால், "மன்னிச்சுக்கம்மா, பஸ் லேட்டு" என்று வராத அந்தப் பையனுக்காக மன்னிப்புக் கேட்பார். அவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. ராத்திரி படுக்கும்போது மட்டும் ஊரோடு பேசிய களைப்பு அவருக்கு இருக்கும்.

இந்த ஏற்பாடு நிலைக்குமா என்பதுதான் விவகாரம். ஆம்புலன்ஸ் துறை ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தெருவின் நடுவே, இரண்டு நீலக்கோடுகளுக்கு இடையில், ஒரு வண்டி போகும் அகலத்துக்கு எப்போதும் வழி இருக்க வேண்டும். மேஜை, பெஞ்சு, பூந்தொட்டி எதுவும் கோட்டைத் தாண்டக்கூடாது. கூட்டம் நெரியும் சாயங்கால வேளையில், தெருவின் நடுவில் ஒரு மாடிவீட்டில் நோயாளி கிடப்பதாக வைத்து, ஆம்புலன்ஸ் தெரு வழியாகவே வந்து குறித்த நேரத்துக்குள் அவரைச் சேர வேண்டும். இரண்டு ஒத்திகை. இரண்டும் தோற்றால் பலகையைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி கார் விடுவார்கள்.

அந்தத் தெருவை வரைபடத்தில் வரைந்த திட்ட அலுவலகத்து அம்மா ஒருநாள் டார்ச்சுக்காரர் வீட்டு மணியை அடித்தார். அந்த மணி அடிக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"நெஞ்சுவலி வந்த மாதிரி படுத்திருக்கணும் சார். அவ்வளவுதான்."

"எந்த மாதிரி நெஞ்சுவலி? லேசாவா, பலமாவா?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா படுத்திருந்தா போதும்."

"சும்மா படுத்திருக்கறதைத்தான் தினமும் பண்றேனே. அதுக்கு யாரும் வரலியேம்மா."

அந்த அம்மா சிரித்தார். டீ வைக்கிறேன் என்றதும் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

முதல் ஒத்திகை நாளன்று டார்ச்சுக்காரர் முகச்சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டு, இரண்டாவது நாற்காலியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். ஃப்ளாஸ்க்கில் டீ, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட இப்படி ஒரு ஏற்பாடு இருக்காது. 'நோயாளி – நெஞ்சுவலி' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படுத்தார்.

தெருமுனையில் சைரன் கேட்டது. அங்கேயே கேட்டது. வெகுநேரம் அங்கேயே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருவழியாக வந்து சேர்ந்தபோது ஓட்டுநரின் முகத்தில் ஈயாடவில்லை. கூட வந்த நர்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்து, விதிமுறைப்படி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். டார்ச்சுக்காரர் அசையாமல் கிடந்தார். அவரை ஒரு மனிதக் கை தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"நல்லா இருக்கு சார்," என்று கையை விட்டாள்.

"இன்னொரு தடவை எண்ணிப் பாரும்மா. பிசகியிருக்கப் போவுது."

அவள் மறுபடியும் எண்ணினாள். நல்ல பெண். ஆனால் டீ குடிக்க யாருக்கும் நேரமில்லை. ஒத்திகை தோற்றுவிட்டது.

காரணத்தை ஓட்டுநர்தான் சொன்னார். கோட்டுக்குள் மேஜையும் இல்லை, பெஞ்சும் இல்லை, மனிதர்கள் இருந்தார்கள். சைரன் இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதித் திரும்புவதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஒதுங்குவதற்குப் பதிலாக நின்றார்கள். நின்றவர்கள் திரும்பினார்கள். திரும்பியவர்கள், யாருக்கு என்ன ஆச்சு என்று வண்டியை நோக்கி வந்தார்கள். "ரோட்டுல கார்க்காரனாவது ஒதுங்குவான் சார். இவங்க வந்து எட்டிப் பாக்கறாங்க," என்றார்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "என்னய்யா, செத்துட்டியா?" என்று கீழேயிருந்து விசாரித்தார்.

"பொழைச்சிட்டேன். உங்களுக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்? என்கிட்ட வர்றவங்களுக்குத் தெருவே சரியாத் தெரியாது. அவங்களைப் போய் அந்தக் கோடியிலிருந்து நடக்க வைக்கறீங்களே. மகனோ மருமகளோ கார்ல வாசல்ல இறக்கிவிட்டாத்தானே வருவாங்க? பாதி யாவாரம் படுத்துப்போச்சு."

நியாயமான பேச்சு. ஜன்னலிலிருந்து டார்ச்சுக்காரர் தலை உள்ளே போயிற்று. தன் பெயரைச் சொல்லி அழைத்துச் சண்டை போடும் ஒரே மனிதரும் கார் கட்சியில் இருக்கிறாரே என்றுதான் அவருக்கு இருந்தது.

இரண்டாவது ஒத்திகை ஒரு சாயங்காலம், கடைத்தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். டார்ச்சுக்காரர் சவரம், இஸ்திரி, ஃப்ளாஸ்க், அட்டை எல்லாவற்றோடும் படுத்திருந்தார். சைரன் கேட்டது. போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டது.

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கீழே எல்லாக் குரலும் ஒரே குரலாகிவிட்டது. "எங்கேருந்து வருது?" "அந்தப் பக்கமா?" "யாருக்கு என்னவாம்?" இவருக்குப் பதில் தெரியும், எனக்குத்தான் என்று வாய்வரை வந்தது. நாளைக்குக் கார் வந்துவிடும். ஜன்னலை மூட வேண்டும். மூடிய ஜன்னலுக்குள் ஒருநாள் நிஜமாகவே நெஞ்சு வலிக்கும். அன்றைக்கும் கார்களுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு சைரன் இப்படித்தான் நின்றுகொண்டிருக்கும். ஃப்ளாஸ்க்கில் டீ இருக்கும். வருவதற்குத்தான் யாரும் இருக்கமாட்டார்கள்.

நோயாளி எழுந்தார். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். செருப்பைத் தேட நேரமில்லாமல் வெறுங்காலோடு மாடியிறங்கினார். பக்கத்துக் கட்டடத்துப் புறாக்கள் அந்த வேகத்தைப் பார்த்து அசந்துவிட்டனவாம்.

தெருமுனையில் ஆம்புலன்ஸைச் சுற்றிக் கூட்டம். டார்ச்சுக்காரர் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்.

"சைரனை நிறுத்துங்க தம்பி."

"பெரியவரே, அவசரக் கேஸு. ஒதுங்குங்க."

"நான்தான் கேஸு."

ஓட்டுநர் கழுத்திலிருந்த அட்டையைப் படித்தார். மறுபடி படித்தார். "நெஞ்சுவலி… உங்களுக்கா?"

"எனக்குத்தான். நிறுத்திட்டு என் முதுகைப் பாத்துக்கிட்டே மெதுவா வாங்க. மத்ததை மேல பேசிக்கலாம்."

சைரன் நின்றது. சத்தம் நின்றதும் எட்டிப் பார்த்தவர்களுக்கு சுவாரஸ்யம் போய்விட்டது. அவரவர் பேச்சுக்குத் திரும்பினார்கள். டார்ச்சுக்காரர் வண்டிக்கு முன்னால் போய் நின்று, லேசாகக் குனிந்து, நடக்க ஆரம்பித்தார்.

"சார், கொஞ்சம்." முழங்கையில் ஒரு விரல். "அம்மா, இந்தப் பக்கம்." இன்னொரு முழங்கை. போனில் கத்திக்கொண்டிருந்தவர் கத்தல் நிற்காமல் ரெண்டடி நகர்ந்தார். சண்டை போட்டுக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் சண்டையோடு சேர்ந்து இடப்பக்கம் போனார்கள். தள்ளுவண்டியில் தூங்கிய குழந்தை தூக்கத்திலேயே புரண்டு வழிவிட்டது. தரையில் மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள்கூடப் பறக்காமல், மரியாதையாக நடந்து ஒதுங்கின. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். பின்னால் அந்தப் பெரிய வெள்ளை வண்டி கன்றுக்குட்டி போல் அவர் நடைக்கு நடை வந்தது. முனையிலிருந்து அவர் வீடு வரைக்கும் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

தன் கட்டட வாசல் வந்ததும், "இங்கதான், மூணாவது மாடி," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அவர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள் மாடி ஏறியாக வேண்டும். நோயாளி படுக்கையில் இல்லாவிட்டால் ஒத்திகை செல்லாது. ஏறினார். விழுந்தார், கட்டிலில்தான்.

நர்ஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். "இப்பத்தானே சார் உங்களைக் கீழ பாத்தேன்?"

"அது வழிகாட்டி. நான்… நோயாளி."

நேரம் குறித்தார்கள். கெடு முடிய இன்னும் பாக்கி இருந்தது. நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முகம் மாறியது.

"சார், போதும், நடிக்காதீங்க."

"நடிக்கலம்மா," என்றார் டார்ச்சுக்காரர். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

அப்படித்தான் ஒத்திகை ஆம்புலன்ஸ் உண்மையான நோயாளியோடு கிளம்பியது. ஆஸ்பத்திரியில் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று ஒரு டாக்டர் கேட்டார். டார்ச்சுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நர்ஸைக் காட்டினார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. நெஞ்சில் கோளாறு ஒன்றுமில்லை, இந்த வயதில் மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறியதுதான் கோளாறு என்று மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மகனிடம் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு அவன், "அங்க மழையா?" என்றான்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆம்புலன்ஸ் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் நகரசபையில் புகார் கொடுத்தார்: வண்டி கடைத்தெரு வழியாக வரவேயில்லை, கட்டடங்களுக்குப் பின்னால் சரக்கு இறக்கும் சந்து வழியாக வந்து ஏமாற்றிவிட்டார்கள். தெருவில் விசாரித்தார்கள். "ஆம்புலன்ஸா? முனையில நின்னுது. உள்ள வந்தாக் கவனிச்சிருப்போமே," என்றார்கள் எல்லாரும். முழங்கையைக் கொடுத்து வழிவிட்ட அத்தனை பேரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். தெருக் கேமராவைப் பார்த்தார்கள். நகரசபை நட்ட மரம் நன்றாக வளர்ந்து, கேமரா பல நாளாக இலைகளைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநரும் நர்ஸும் உண்மையைச் சொன்னார்கள். அவர்கள் ஒத்திகை நடத்தியவர்கள், அவர்கள் பேச்சு மட்டும் போதாது என்றார்கள். டார்ச்சுக்காரர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

முடிவெடுக்கும் கூட்டம் நகரசபை மண்டபத்தில். நெருக்கமாகப் போட்ட நாற்காலி வரிசைகள். தெருவை வரைந்த திட்ட அலுவலகத்து அம்மா முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"முன்னால ஒரு ஆள் நடந்தா வண்டி போகுதுன்னா எங்களுக்கு அது போதும்," என்றார் ஆம்புலன்ஸ் அதிகாரி. "எங்க ஆள் ஒருத்தரையே நடக்க வெச்சுடுவோம். ஆனா அன்னிக்குத் தெரு வழியாத்தான் வந்துதுன்னு வெளியாள் ஒருத்தர் சொல்லணும்."

"அந்த நேரம் பூரா நான் கடை வாசல்லயே உக்காந்திருந்தேன்," என்று எழுந்தார் கண்ணாடிக் கடைக்காரர். "ஒரு அம்மாவுக்குக் கண்ணாடிக் கால் தளர்ந்துபோச்சு, திருகாணி முடுக்கிக்கிட்டிருந்தேன். வீடு மாதிரி ஒரு வண்டி மூக்குக்கு முன்னால போனா எனக்குத் தெரியாதா? ஊருக்கே கண்ணு கொடுக்கறவன் நான்." மண்டபத்தில் கைத்தட்டல். அவர் உட்கார்ந்தார்.

தலைவர் பேனாவை எடுத்தார்.

அதைப் பார்க்க டார்ச்சுக்காரருக்கு மனமில்லை. கடைக்காரர் இருந்த அதே வரிசையின் உள்கோடியில் இருந்தவர் எழுந்தார். வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மிச்சமிருக்கும் பேச்சையாவது கேட்கலாம். வெளியே வர ஒவ்வொருவரையும் தாண்ட வேண்டும். அவர் வழக்கம்போல் குனிந்தார்.

"சார், கொஞ்சம்."

கண்ணாடிக் கடைக்காரர் தலைவரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை நகரவில்லை. கால்கள் மட்டும் மடங்கின. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, உட்கார்ந்தபடியே, சற்றுப் பின்னுக்கு நகர்ந்தார். டார்ச்சுக்காரர் தாண்டிப் போய்விட்டார்.

அப்புறம் கடைக்காரர் தன் முழங்கால்களைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். தொட்ட முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"யோவ், நில்லு," என்றார்.

கதவருகே டார்ச்சுக்காரர் நின்றார்.

"இப்ப என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

"எதை? ஒண்ணும் சொல்லலியே. சார், கொஞ்சம்னேன்."

கடைக்காரர் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். தினமும் மூன்று மாடி உயரத்தில் பார்த்த முகம்தான்.

"என்னங்க?" என்றார் தலைவர். "ஏதாவது சொல்லணுமா?"

"அன்னிக்குக் கடை மூடறப்ப என் ஸ்டூல் வாசப்படிக்கு அந்தாண்ட கிடந்துது," என்றார் கடைக்காரர், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர்போல். "திருகாணி டப்பா நான் உக்காந்த இடத்துலயே இந்தாண்ட, ஸ்டூல் அந்தாண்ட. இவதான் நகர்த்திட்டான்னு வீட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவ அழுதுக்கிட்டே நான் தொடவேயில்லைன்னா." முழங்கையை மறுபடி தடவிக்கொண்டார். "அது நான்தான். உக்காந்த வாக்குல, ஸ்டூலோட, நானே நகர்ந்திருக்கேன்."

"அப்ப ஆம்புலன்ஸ்?" என்றார் தலைவர்.

கண்ணாடிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"போச்சுங்க," என்றார். "என் மூக்குக்கு முன்னாலதான் போச்சு."